ஆரின் டீபோவின் பதினோராவது துப்பாக்கி

எனக்கு இருபத்திரண்டு வயது ஆகும் வரைக்கும் ஆரின் டீபோ என்பவர் ஓர் ஆரஞ்சு நிற லாரி, அவ்வளவுதான். குளிர்காலத்தில் பள்ளிக்கூட பஸ்ஸுக்காக நாங்கள் சாலை முனையில் நிற்கும்போது, முன்னால் இரும்புத் தகட்டை இறக்கி, பனியை இரண்டு ஆள் உயரத்துக்கு வாரி வீசிக்கொண்டு அந்த லாரி வரும். உள்ளேயிருந்து ஒரு கையுறை உயரும். நாங்களும் கை உயர்த்துவோம். பன்னிரண்டு வருடப் பழக்கம் அந்தக் கையுறையோடுதான். நான் பட்டம் வாங்கி, ஈஸ்ட் கெண்டல் ஊர் அலுவலகத்தில் உதவி எழுத்தராகச் சேர்ந்த பிறகுதான் கையுறைக்குப் பின்னால் இருந்த ஆளைப் பார்த்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, பூட்ஸ் பனியை உதறாமலே உள்ளே வந்தார். குள்ளமான, அகலமான மனிதர். என் மேஜைக்கு மேலே நானே ஆணி அடித்து மாட்டியிருந்த பட்டச் சான்றிதழை மூக்கு உரச நின்று படித்தார்.

"இது நெசமா நீ படிச்சதா?"

"ஆமாம் சார். நாலு வருஷம்."

"உங்கப்பன் மாட்டுத் தீவன மூட்டையில இருக்குற எழுத்தைத் தாண்டி எதையும் படிச்சு நான் பாத்ததில்லையே."

"எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி."

"அப்ப நல்லதாப் போச்சு. எழுதுறதுக்குக் கை துருதுருன்னு இருக்கும். எனக்கு ஒரு பேச்சு எழுதிக் குடு, பட்டதாரி."

அன்றிலிருந்து இன்று வரை என் பெயர் எமரி என்பதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பேச்சு எதற்கு என்று நான் கேட்கத் தேவையே இல்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு அதுதான். மார்ச் மாத முதல் செவ்வாய் எங்கள் ஊர்க் கூட்டம். ஓட்டுப் போடும் வயது வந்த எவரும் வந்து உட்கார்ந்து, கை தூக்கி, அந்த வருடத்தின் வரியையும் பாலத்தையும் தீர்மானிப்பார்கள். அந்த வருடம் பதினான்காம் தீர்மானமாக விண்ணி பெக் டீச்சர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ அதன் சொந்தக்காரர் மூன்று நாளுக்குள் போலீஸிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போடும்படி, மாநிலச் சட்டசபையை ஈஸ்ட் கெண்டல் கேட்டுக்கொள்கிறது என்பது அதன் சாரம். எங்கள் ஊர் கேட்டால் சட்டசபை நடுங்கிவிடாது. ஆனாலும் எங்கள் ஊரில் மான் சீசன் தொடங்கும் நாளில் பாதி கடைகள் மூடியிருக்கும். தேவாலயத்தைப் பாதிரியாரும் மூடிவிட்டுப் போயிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் இந்தத் தீர்மானம் அடுப்பில் விழுந்த உப்பு மாதிரி வெடித்தது.

டீச்சர் இதைச் சும்மா கிளப்பவில்லை. நான்கு வருடம் முன்பு அவர் கணவர் ஆல்டன் மாரடைப்பில் போய்விட்டார். ஓரிரு மாதம் கழித்து வீட்டை ஒழுங்கு செய்தபோது, கல்யாணத்தன்று டீச்சரின் அப்பா மாப்பிள்ளைக்குக் கொடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காணோம். யாரோ களவாடிவிட்டார்கள். போலீஸுக்குத் தெரிவித்தார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். திருடனிடமிருந்து அது எத்தனை கை மாறியதோ, வாங்கியவனிடமிருந்தும் தொலைந்ததோ, யார் சொல்லப்போகிறார்கள்? நான்கு வருடம் யோசித்து, முப்பத்தாறு கையெழுத்து வாங்கி, தீர்மானமாக்கிவிட்டார்.

ஆரினின் கட்சி எதிர்க்கட்சி. கடையில், தபால் நிலையத்தில், லாரியை நடுரோட்டில் நிறுத்திக்கூட அதைச் சொன்னார். "இன்னிக்கி என்ன தொலைஞ்சுதுன்னு கேப்பான். நாளைக்கி மீதி என்ன இருக்குன்னு கேப்பான். வீட்டுக்குள்ள திருடன் பூந்தா நான் அழணுமா, இல்ல அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதணுமா? மூணு நாள் கழிச்சுச் சொன்னா நான் குத்தவாளியாம், எடுத்துட்டுப் போனவன் எங்கயோ ஜாலியா இருப்பானாம்!"

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்லூரியில் இரண்டு பக்கமும் பேசிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் ஆரின் அதோடு நிறுத்தவில்லை. "இந்த ஊர்ல எவனும் துப்பாக்கியத் தொலைக்க மாட்டான். எங்கிட்ட பதினொண்ணு இருக்கு. கண்ணைக் கட்டிவிடு, ஒவ்வொண்ணும் எங்க நிக்குதுன்னு சொல்றேன். தன் துப்பாக்கி எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன் ரோடு கமிஷனரா இருக்க லாயக்கில்ல" என்று கடை வாசலில் எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

ரோடு கமிஷனர் அவர்தான். ஒவ்வொரு வருடமும் அதே ஊர்க் கூட்டத்தில், மூன்றாம் தீர்மானமாக, அவரைத் தேர்ந்தெடுப்போம். பதினெட்டு வருடமாகப் போட்டியே கிடையாது. அந்தப் பதவி அவருக்குச் சம்பளத்துக்கு மேல். ஊரின் நாற்பத்தேழு மைல் மண்சாலையில் எந்த வளைவில் எப்போது சேறு இளகும் என்பது அவர் உடம்பிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது முதுகுவலி மட்டும்தான் என்று அவர் மனைவி கிளாடெட் சொல்வார்.

பேச்சின் திட்டம் இது: ஆரின் எழுந்து, தன் பதினொரு துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இருக்கும் இடம் சொல்லி முடித்து, "இதுல எது தொலைஞ்சுது?" என்று டீச்சரைப் பார்த்துக் கேட்பது. நான் காகிதத்தை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைகளின் பெயரைச் சொல்வதுபோல் பதினொன்றையும் சொன்னார். ஏழாவது, அவர் அப்பாவின் பழைய, முப்பது-முப்பது என்ற அளவுத் தோட்டா போடும் ரைபிள், "அலமாரியில இடது மூலை."

"ஒவ்வொண்ணுலயும் பொறிச்சிருக்கிற நம்பரையும் போட்டா பேச்சு இன்னும் கனமா இருக்கும் சார்" என்றேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. நான்கு வருடக் கல்லூரிப் படிப்பில் எனக்குச் சொல்லித்தந்த முக்கியமான விஷயம், ஆதாரம் வேண்டும் என்பது.

அன்று மாலையே பாலத்துப் பக்கம் இருக்கும் அவருடைய மஞ்சள் வீட்டுக்குப் போனோம். அலமாரியைத் திறந்தார். நான் எண்ணினேன். பதினொன்று.

"பாத்தியா?"

ஒவ்வொன்றாக எடுத்து நம்பர் வாசித்தார். நான் எழுதினேன். ஆறு வரைக்கும் சரி. இடது மூலையில் கைவிட்டு எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்தது ரைபிள் இல்லை. இரட்டைக் குழல்.

"இது யாரு?" என்றார். ஏதோ அறிமுகமில்லாத ஆள் வந்து படுக்கையில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டார்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு சார்."

"எண்ணிக்கை சரி. ஆள் மாறிப்போயிருக்கான்."

கிளாடெட் சமையலறையிலிருந்து கைதுடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். அந்தத் துப்பாக்கியின் கட்டையில் ஓரிடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

"இது உன் டேப்தானே?" என்றார் கிளாடெட்.

"என் டேப்தான்."

"எதுக்கு ஒட்டுனே?"

"மினுங்குச்சு. காட்டுக்கோழி வெளிச்சம் பாத்துப் பறந்துடும்னு..." என்று சொன்னவர், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு நிறுத்திவிட்டார்.

நான் நகத்தால் டேப்பைக் கீறி உரித்தேன். கீழே சின்ன வெள்ளித் தகடு. அதில் இரண்டு எழுத்து: ஆ. பெ. ஆல்டன் பெக். கல்யாணத் தேதியும் இருந்தது.

சமையலறையில் ஏதோ தீயும் வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

"நான் திருடல" என்றார் ஆரின்.

"உன்னைத் திருடன்னு சொல்ற அளவுக்கு உனக்குச் சாமர்த்தியம் இருக்குன்னு யார் சொன்னா?" என்றார் கிளாடெட். "இரவல் வாங்கியிருப்ப. ஏணி வாங்குற மாதிரி, ரம்பம் வாங்குற மாதிரி. வாங்குனவனும் மறந்துட்டான், குடுத்தவனும் செத்துட்டான். சர்ச் விருந்துக்கு நாங்க கொண்டுபோற ஒவ்வொரு தட்டுக்கும் அடியில பேர் எழுதி ஒட்டியிருக்கோம். அஞ்சு டாலர் தட்டுக்கு! நீங்க ஆம்பளைங்க பேர் போட்டிருந்த ஒரே துப்பாக்கியில அதையும் டேப் போட்டு மூடியிருக்கீங்க."

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி இரவல் கொடுப்பது அப்படித்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, "கதவுக்குப் பின்னால வெச்சிருக்கேன்" என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை.

"இப்பவே கொண்டுபோய்க் குடு" என்றார் கிளாடெட்.

"குடுக்கிறேன். முதல்ல என் ரைபிள் எங்கன்னு கண்டுபிடிக்கிறேன். அதைக் கண்டுபிடிச்சுட்டா ரெண்டையும் சேத்து..." அவருக்கு வாக்கியம் முடியவில்லை. எனக்குப் புரிந்தது. தன் துப்பாக்கி எங்கே என்று தெரியாத மனிதன் எதற்கு லாயக்கில்லை என்று சொன்னவர் அவரே. கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் ஆரின் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போனார். ரைபிளை யாருக்கோ இரவல் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நேராகக் கேட்க முடியாது. கேட்டால் தொலைந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே வாசலில் நின்று, "பிள்ளைங்க எப்படி இருக்கு? மாடு நல்லா கறக்குதா?" என்று விசாரித்தபடி, கழுத்தை நீட்டிக் கதவுக்குப் பின்னால் பார்ப்பார். ஒரு வீட்டில் காபி குடித்தார். இன்னொரு வீட்டில் அரைமணி நேரம் கல்யாண ஆல்பம் பார்த்தார்.

பதினெட்டு வருடத்தில் ஒருவர் வீட்டு வாசலையும் மிதிக்காத மனிதர் திடீரென்று நலம் விசாரித்தால் ஊர் என்ன நினைக்கும்? ஓட்டுக் கேட்கிறார் என்று நினைத்தது. ஓட்டுக் கேட்கிறார் என்றால் பயந்திருக்கிறார். பயந்திருக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

பள்ளம் தோண்டும் இயந்திரம் வைத்திருக்கும் வேட் ஹஸ்கின்ஸ் அலுவலகத்துக்கு வந்து, ரோடு கமிஷனர் பதவிக்குத் தானும் நிற்பதாகச் சொன்னான். முப்பத்தைந்து வயது, நல்லவன்.

"எனக்கு ஆசையே இல்ல எமரி. ஆனா நேத்து ஆரின் எங்க வீட்டுக்கு வந்து, என் மாமியாரோட மூட்டுவலியப் பத்தி விசாரிச்சாரு. என் மாமியார்! போன வருஷம் அந்தம்மா தபால் பெட்டிய லாரியால இடிச்சுத் தள்ளினவரு. ஆளு ஆடிப்போயிருக்காருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் இதை ஆரினிடம் சொன்னேன்.

"அப்ப ரைபிளை விடு. இந்த ரெட்டைக் குழலைக் கொண்டுபோய் அவங்க களஞ்சியத்துல வெச்சிடலாம். பழைய சாமானுக்குப் பின்னால. டீச்சரம்மாவே ஒருநாள் கண்டுபிடிச்சு, 'அடடா, இங்கதான் இருந்துச்சா'ன்னு சந்தோஷப்படட்டும்."

மறுநாள் நண்பகலில், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி லாரியில் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனோம். சாட்சிக்கு என்னையும் இழுத்துப்போனார். எதற்குச் சாட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. களஞ்சியத்துக் கதவில் புத்தம்புதிய பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு கேமரா. அது எங்களைப் பார்த்துச் சிவப்பாகக் கண் சிமிட்டியது. போர்வை இன்னும் லாரியில்தான் இருந்தது, நல்லவேளை.

டீச்சர் வெளியே வந்தார். எழுபத்து நாலு வயது. எனக்கு நான்காம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு கற்றுத்தந்தவர். இப்போதும் அவரைப் பார்த்தால் என் சட்டை தானாக உள்ளே போய்விடும்.

"ஆரின்? இங்க என்ன பண்றீங்க?"

"மதகு பாக்க வந்தேன் டீச்சரம்மா."

"மதகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அதான் இந்தப் பக்கம் இல்லையேன்னு பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. எங்களை உள்ளே கூப்பிட்டு ஆப்பிள் கேக் வெட்டிக் கொடுத்தார். ஆரின் பூட்டைப் பற்றிக் கேட்டார்.

"திருடுனவன் வீட்டைத் தெரிஞ்சவன், ஆரின். உள்ள வந்து வேற எதையும் தொடல. அது ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். நாலு வருஷமா நான் படிக்கட்டுல சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். எங்கயாவது யாரையாவது சுட்டாங்கன்னு செய்தி வந்தா, முதல்ல எந்தத் துப்பாக்கின்னுதான் பாக்குறேன். எங்கப்பா குடுத்தது ஒரு குழந்தை மேல பாஞ்சிருக்குமோன்னு." தட்டை நகர்த்தினார். "நீங்க எதிர்த்துப் பேசப்போறீங்கன்னு தெரியும். பேசுங்க. இன்னொரு துண்டு வேணுமா?"

ஆரின் வேண்டாம் என்றார். இனிப்பை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். சொல்லிவிட வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தார். "உங்க கொல்லைப் பக்கம் மண் போட்டுத் தரேன்" என்றார்.

லாரியில் திரும்பும்போது, "அந்தம்மா தூங்காம இருக்கிறது என்னால, பட்டதாரி" என்றார். பேச்சு எழுதிய காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மடித்து, கையுறைக்குள் சொருகிக்கொண்டார்.

ஊர்க் கூட்டத்தன்று மண்டபத்தில் நூற்று நாற்பது பேருக்கு மேல். பின்பக்கம் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு பீன்ஸும் பன்றித் தொடையும் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். சபைத் தலைவர் ஹாலிஸ் பார்னி மரச் சுத்தியலோடு மேடையில். நடைமுறை விதிப் புத்தகத்தை வேதம்போல் கையில் வைத்திருப்பவர். நான் பக்கத்து மேஜையில் நடப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தேன்.

விதிப்படி மூன்றாம் தீர்மானம் காலையில் முடிந்துவிடும். பதினான்காவது சாப்பாட்டுக்குப் பிறகு. அதாவது ஆரின் வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், பத்தொன்பதாவது முறையாகக் கமிஷனர். அதன் பிறகு அவர் எதை ஒப்புக்கொண்டாலும் அடுத்த மார்ச்சுக்குள் ஊர் மறந்துவிடும். இந்தக் கணக்கு எனக்கே தெரிந்தது என்றால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

"மூன்றாம் தீர்மானம்" என்று ஹாலிஸ் சுத்தியலைத் தூக்கினார்.

ஆரின் எழுந்தார். "தலைவரே, பதினாலாவதை முதல்ல எடுக்கணும்னு முன்மொழியிறேன்."

"எதுக்கு?"

"மூணாவதுக்கு முன்னாடி ஊர் அதைக் கேக்கணும்."

"வழிமொழிய யாராவது?"

டீச்சர் எழுந்தார். "வழிமொழியிறேன். திட்டுறதை இப்பவே திட்டிடட்டும், சாப்பாடாவது நிம்மதியா இறங்கும்."

கை தூக்கினார்கள். நிறைவேறியது. டீச்சர் தன் தீர்மானத்தைப் படித்து, அமைதியாக, களவு போன துப்பாக்கியைப் பற்றிச் சொல்லி உட்கார்ந்தார். ஆரின் மறுபடி எழுந்தார். கையுறைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"டீச்சரம்மா, உங்க துப்பாக்கி என் லாரியில இருக்கு."

மண்டபத்தில் பீன்ஸ் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ஆல்டன்கிட்ட இரவல் வாங்கியிருக்கேன். காட்டுக்கோழிக்கு. திருப்பிக் குடுக்கல. மறந்துட்டேன். தகடு மினுங்குதுன்னு அது மேல நானே டேப் ஒட்டியிருக்கேன். பத்து நாள் முன்னாடிதான் தெரியும். பத்து நாளும் சொல்லல. உங்க களஞ்சியத்துல ஒளிச்சு வைக்கலாம்னுதான் அன்னிக்கி வந்தேன். மதகு இல்ல. இன்னொண்ணும் இருக்கு. எங்கப்பாவோட முப்பது-முப்பது எங்கன்னு எனக்குத் தெரியாது. கடை வாசல்ல நான் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்ப மூணாவதை எடுத்துக்கங்க."

உட்காரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மினுங்குச்சுன்னு ஒட்டுனீங்களா?" என்றார் கடைசியில்.

"ஆமா டீச்சரம்மா."

"அது மினுங்கணும்னு நான் மாசாமாசம் தேய்ச்சது." பிறகு, வேறு குரலில், "ஆரின், அந்த ரைபிள்... கைப்பிடிப் பக்கம் ஒரு விரிசல், பித்தளைக் கம்பி சுத்தியிருக்குமா?"

"எங்கப்பா சுத்துனது! எங்க பாத்தீங்க?"

"ஆல்டன் அலமாரியில இருந்துச்சு. அவரோடதுன்னு நெனச்சேன். அவர் நினைவா தீயணைப்புச் சங்கத்துக் குலுக்கலுக்குக் குடுத்துட்டேன்."

இரட்டைக் குழலை எடுத்துவந்த அன்று ஆரின் தன் ரைபிளை அங்கேயே விட்டுவந்திருக்கிறார் என்பது புரிய எல்லோருக்கும் இரண்டு நிமிடம் ஆனது. பிறகு பின்வரிசையிலிருந்து வேட் ஹஸ்கின்ஸ் எழுந்தான். "ஒரு நிமிஷம். அந்தக் குலுக்கல்ல ஆரின் பத்து சீட்டு வாங்குனாரு. நான்தான் சீட்டுக் கிழிச்சேன். 'எங்கப்பாகிட்ட அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுடா, கம்பிகூட இதே இடத்துல'ன்னு கண்கலங்குனாரு!"

அப்போதுதான் மண்டபம் உடைந்தது. நூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள். ஹாலிஸ் சுத்தியலால் அடித்துக்கொண்டே, முகத்தை விதிப் புத்தகத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கிளாடெட் கரண்டியோடு வந்து சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "தன் துப்பாக்கிக்குத் தானே சீட்டு வாங்கி, அதுலயும் தோத்தான்! இவனைத்தான் நாப்பது வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேன்!"

ரைபிளை ஜெயித்தவர் ஏரிக்கரையில் கோடைக்கு மட்டும் வரும் கனெக்டிகட் மாநிலத்து வக்கீல். அது அவர் கணப்புக்கு மேலே தொங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு கூட்டம் யார் கையிலும் இல்லை. ஒருவர் எழுந்து, தன் கதவுக்குப் பின்னால் மூன்று வருடமாக நிற்கும் ஒற்றைக் குழல் யாருடையது என்று கேட்டார். இரண்டு பேர், ஆளுக்கு ஆள், தன்னுடையது என்றார்கள். நடப்புக் குறிப்பில் நான் எழுதியது: "திரு. டீபோ தன் நிலையை விளக்கினார். விவாதம் தொடர்ந்தது."

டீச்சர் மறுபடி எழுந்தார். "பாத்தீங்கல்ல? சொல்லணும்னு ஒரு சட்டம் இருந்திருந்தா, தன்னுதைத் தேட ஆரின் அன்னிக்கே அலமாரியத் திறந்திருப்பாரு. நான் நாலு வருஷம் தூங்கியிருப்பேன்."

"சட்டம் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன் டீச்சரம்மா" என்றார் ஆரின். "தொலைஞ்சுதுன்னே எனக்குத் தெரியாதே! அதான் சொல்றேன், போலீஸ்காரன் என்ன பண்ணுவான்? பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேட்டாப் போதும்." அப்படியே நின்று யோசித்தார். "தலைவரே, ஒரு திருத்தம். 'போலீஸிடம் சொல்லும் முன் அக்கம்பக்கம் மூன்று வீட்டில் கேட்க வேண்டும்'னு சேக்கணும்."

டீச்சர் உடனே ஒப்புக்கொண்டார். திருத்தம் நிறைவேறியது. திருத்திய தீர்மானம் எழுபத்தெட்டுக்கு அறுபத்து நாலு என்று நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் ஆரினும் ஒருவர்.

"உங்க திருத்தம் சார் அது!" என்றேன், குறிப்பிலிருந்து தலை தூக்கி.

"நல்லாத்தான் திருத்தினேன். பிடிச்சிருக்குன்னு எப்ப சொன்னேன்?"

பிறகு மூன்றாம் தீர்மானம், ரகசியச் சீட்டு. நானே எண்ணினேன், இரண்டு முறை. வேட் எழுபத்திரண்டு, ஆரின் எழுபது. சிரித்துக் கைகொடுத்தவர்களில் யார் எதிர்த்துப் போட்டார்கள் என்று தெரியாது. துப்பாக்கி விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பலர் அவரிடம் வந்து சொன்னார்கள். அவர் சரிசெய்யாமல் விட்ட மேற்கு மலைச் சாலைப் பள்ளம்தான் காரணம் என்றார்கள். அது அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது என்று நினைக்கிறேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய், லாரியிலிருந்து போர்வைச் சுருளை எடுத்துவந்து, மண்டபப் படியில் வைத்தே டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் போர்வையை விலக்கி, கட்டைவிரலை எச்சில் தொட்டு, தகட்டில் ஒட்டியிருந்த டேப் பசையைத் தேய்த்தார். போகவில்லை. "பெட்ரோல் வெச்சுத் தேய்ச்சாப் போகும்" என்றார் ஆரின். "நான் வந்து தேய்ச்சுத் தரேன்."

"நீங்க வர வேண்டாம். பெட்ரோல் மட்டும் அனுப்புங்க" என்றார் டீச்சர். ஆனால் சாப்பாட்டுக்குத் தன் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்து, அவரை உட்காரவைத்தார்.

வேட் பதவி ஏற்ற மறுநாள், ஆரின் வீட்டுக்குப் போய் இரண்டாவது லாரியை ஓட்ட வரச் சொன்னான். நாற்பத்தேழு மைலும் தலைகீழாகத் தெரிந்த ஆள் வேறு யாருமில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆரின் இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் போனார். வக்கீல் விஷயம் கேள்விப்பட்டு ரைபிளைத் திருப்பித் தர முன்வந்தார். ஆரின் வாங்கவில்லை. சீட்டு எடுத்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான் என்றார். எங்கள் தீர்மானம் சட்டசபைக்குக் கடிதமாகப் போனது. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. டீச்சர் கேமராவைக் கழற்றிவிட்டார். நான் இப்போது உதவி எழுத்தர் இல்லை, எழுத்தர். ஆரின் டீபோவுக்கு எழுபது வயது. அதே மஞ்சள் வீட்டில் கிளாடெட்டோடு இருக்கிறார். வேட் ஹஸ்கின்ஸின் கீழே இரண்டாவது லாரியை ஓட்டுகிறார். மேற்கு மலைச் சாலை அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.